அனுசரிப்பதும் இசைவதும்

‘இசை’ என்ற சொல்லை நாம் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். பெயராக நின்றால் சங்கீதம். வினையாக நின்றால் சம்மதம். ‘அவர் அதற்கு இசைந்தார்’ என்கிறோம். ‘இருவரின் இசைவோடு’ என்று எழுதுகிறோம். சேர்ந்து ஒலிப்பதையும் ஒப்புக்கொள்வதையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழி இது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருப்பதை நமக்கு முந்தியவர்கள் கவனித்திருக்க வேண்டும்.

ஆனால் எங்கள் கொங்கு வீடுகளில் புழங்குகிற வார்த்தை வேறு. “அனுசரிச்சுப் போ கண்ணு.” புருஷன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து நிற்கிற பெண்ணிடம் சொல்வார்கள். பாகப்பிரிவினையில் கிணத்துப் பங்கு கிடைக்காத தம்பியிடம் சொல்வார்கள். சூப்பர்வைசர் வாயில் வந்தபடி திட்டுகிறார் என்று மில் வேலையை விட நினைக்கிற பையனிடம் சொல்வார்கள். கனிவாகத்தான் சொல்வார்கள், அதில் சந்தேகமில்லை. சொல்கிறவர்களில் பலர் வாழ்நாள் முழுக்க அனுசரித்துப் போனவர்கள். இருந்தாலும் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். இந்த வாக்கியம் மாமியாரிடம் போவதில்லை, அண்ணனிடம் போவதில்லை, சூப்பர்வைசரிடம் போவதே இல்லை. அது எப்போதும் கீழ்நோக்கியே ஓடும், வாய்க்கால் தண்ணி மாதிரி.

அப்படியென்றால் யாருமே அனுசரிக்க வேண்டாமா? நாலு பேர் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டுமென்றால் யாராவது எதையாவது விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்? விட்டுக்கொடுப்பதே இல்லாத சேர்ந்து வாழ்தல் உலகத்தில் எங்கேயும் கிடையாது. ஆகவே கேள்வியை இப்படி வைத்துக்கொள்கிறேன்: அனுசரிப்பதற்கும் இசைவதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் ஒருத்தர் தன் இடத்திலிருந்து கொஞ்சம் நகர்கிறார். ஒன்று அவரைச் சிறிதாக்குகிறது, இன்னொன்று பெரிதாக்குகிறது. எதனால்?

இதற்கு விடை தேடி நான் போனது நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கிற இசைக்கு. காரணம் எளிது. வாழ்க்கையில் யார் யாருக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்பதை மறைத்துவிடலாம். இங்கே அது காதில் விழும்.

*

இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்?’ கேட்காதவர்கள் இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் குறைவாகத்தான் இருப்பீர்கள். 1986ல் வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. அதில் முன்னால் நின்று பாடுகிற வயலின் வி.எஸ்.நரசிம்மனுடையது. ‘அச்சமில்லை அச்சமில்லை’ படத்தின் இசையமைப்பாளரும் அவர்தான். அவர் 1993ல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்ற குழுவைத் தொடங்கினார். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. ஐரோப்பாவில் இருநூற்றைம்பது ஆண்டுகளாக இருக்கிற அமைப்பு. ஆனால் இவர்கள் அதில் கர்நாடக சங்கீதக் கீர்த்தனைகளை வாசித்தார்கள்.

வயோலா என்பது வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, ஐந்து ஸ்வரம் கீழே ஒலிப்பது. செல்லோவை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வைத்து வாசிப்பார்கள். மெட்ராஸ் குழுவில் அதை வாசித்தவர் வி.ஆர்.சேகர். இந்த நால்வரும் முழு நேரமும் மேடையில் வாழ்ந்தவர்கள் கிடையாது. சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில், நாற்பது வயலின்களுக்கு நடுவில் உட்கார்ந்து வாசித்த உலகத்திலிருந்து வந்தவர்கள். அங்கே ஒருத்தர் வாசிப்பது இன்னொருத்தர் வாசிப்பதோடு கலந்து கரைந்துவிட வேண்டும். கரைவதுதான் வேலை. குவார்ட்டெட்டில் கரைந்தால் வேலை கெட்டுவிடும். ஒரு குரலுக்கு ஒரே ஆள்தான். அவர் நிறுத்தினால் அந்தக் குரலே இல்லை.

முன்னால் நின்று குச்சியசைக்கும் ஆளும் கிடையாது. தொடங்குவதற்கு ஒரு மூச்சு, ஒரு புருவம், வில்லின் ஒரு சிறு அசைவு. அவ்வளவுதான். நான்கு அறிவுள்ளவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்பது போலிருக்கிறது என்று குவார்ட்டெட்டைப் பற்றி கதே 1829ல் நண்பருக்கு எழுதினார். நல்ல ஒப்புமைதான். ஆனால் பேச்சில் ஒருத்தர் பேசும்போது மற்றவர் சும்மா இருக்க வேண்டும். இங்கே நால்வரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒரே நேரத்தில் கேட்கவும் செய்கிறார்கள். எந்த வீட்டிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

கீர்த்தனையை நான்கு குரலுக்கு மாற்றுவதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. நம் ராகம் ஒற்றைக் கோட்டில் நடப்பது. ஒரு ஸ்வரத்தின் உயிரே அதன் அசைவில், கமகத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே வேறு ஸ்வரங்களை அடுக்கினால் ராகம் கலங்கிவிடலாம். மெட்ராஸ் குவார்ட்டெட்டைக் கேட்கும்போது எனக்குப் படுவது இதுதான்: முதல் வயலின் கீர்த்தனையை அப்படியே பாடுகிறது. மற்ற மூன்றும் அதைத் தாங்குவதோடு நிற்காமல், அந்த ராகத்துக்குள்ளேயே தங்களுக்கென்று ஒரு வழியைக் கண்டுபிடித்து நடக்கின்றன. ராகத்துக்கு வெளியே ஒரு அடி வைத்தாலும் காது சொல்லிவிடும். சுதந்திரம் இருக்கிறது, வேலியும் இருக்கிறது. வேலி நால்வருக்கும் பொது.

*

இதை நம் கச்சேரி மேடையோடு வைத்துப் பார்க்க வேண்டும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர் என்பார்கள். ஐரோப்பியரிடமிருந்து கற்ற வாத்தியத்தை நாம் சம்மணம் போட்டு உட்காரவைத்தோம், தலைப்பகுதியைக் கணுக்காலில் சாய்த்தோம், தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று மாற்றிக் கட்டினோம். பிறகு அதற்கு ஒரு பதவி கொடுத்தோம்: பக்கவாத்தியம்.

தனி வயலினும் உண்டு. துவாரம் வெங்கடசாமி நாயுடு வாசித்தார். லால்குடி ஜெயராமன் 1966ல் வேணு-வயலின்-வீணை என்று மூன்றையும் சமமாக உட்கார வைத்தார். ஆனாலும் பெரும்பாலான மேடைகளில் இன்றும் வயலினின் வேலை பின்தொடர்வதுதான்.

கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பேரூர்ப் பக்கம் வீடு. ஒருமுறை அவரிடம் கேட்டேன், உங்கள் வேலையில் கஷ்டமானது எது என்று. வேகமான ஸ்வரங்கள் என்று சொல்வார் என நினைத்தேன்.

“மூடிக் குடுக்கறதுதானுங்க,” என்றார். “பாடறவங்க எடம் மாத்தி எடுத்துட்டாங்கன்னு வைங்க. சபைக்குத் தெரியாம நாமும் அந்த எடத்துலயே சேர்ந்துக்கோணும். தப்பு நடந்த மாதிரியே இருக்கக்கூடாது.”

“உங்களுக்குத் தப்பு வந்தா?”

சிரித்தார். “அது தப்புதானுங்க.”

இந்தப் பதிலை நான் நெடுநாள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் ஓர் உயர்வு இருப்பதை மறுக்க முடியாது. இன்னொருவரின் வழுக்கலை உடனடியாகக் கேட்டு, புரிந்து, தன் விரலால் தாங்குவது லேசான காரியமா? அதற்குப் பாடுகிறவரைவிடக் கூர்மையான காது வேண்டும். அந்தக் காதுக்குப் பெயர் அன்பு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அது ஒருவழிப் பாதை. மூடிக் கொடுக்கிற கடமை ஒருவருக்கு, மூடப்படுகிற உரிமை இன்னொருவருக்கு. “அனுசரிச்சுப் போ” என்பதன் சங்கீத வடிவம் இதுதான். அழகாகவே இருக்கிறது, வாத்தியக்காரரின் கைக்குப் புகழும் கிடைக்கிறது, ஆனால் தண்ணி அதே பக்கம்தான் ஓடுகிறது. மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் வரும்போது சபையில் பாதிப்பேர் எழுந்து காப்பிக்குப் போவதையும் பார்த்திருப்பீர்கள். இரண்டு மணி நேரம் எல்லோரையும் தாங்கிய ஆள் தனக்காக வாசிக்கிற பத்து நிமிஷம் நமக்கு இடைவேளை.

*

சரி, குவார்ட்டெட்டில் யாரும் யாருக்கும் அனுசரிப்பதில்லையா? அனுசரிக்கிறார்கள். சொல்லப்போனால் நொடிக்கு நொடி அதைத்தான் செய்கிறார்கள். இங்கேதான் விஷயம் எனக்குத் திறந்தது.

நால்வரும் சேர்ந்து ஒரு நீண்ட ஒலியைப் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செல்லோ ஸட்ஜம். நடுவில் ஒருத்தர் பஞ்சமம், இன்னொருத்தர் அந்தர காந்தாரம். பியானோவில் இந்தக் காந்தாரம் ஒரே இடத்தில் நிலையாகக் கட்டப்பட்டிருக்கும். தந்தி வாத்தியத்தில் அப்படியில்லை, விரல் எங்கே வைத்தாலும் ஒரு ஒலி வரும். அந்தக் காந்தாரக்காரர் பியானோ காட்டுகிற இடத்திலேயே வைத்தால் கூட்டொலி லேசாகக் கரகரக்கும். அரை ஸ்வர இடைவெளியில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் கீழே இறக்கினால் திடீரென்று எல்லாம் ஒன்றாகிவிடும். அறையே ஒருமுறை அதிரும். தனியாக வாசித்திருந்தால் அவருடைய முதல் காந்தாரத்தை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சேர்ந்து வாசிக்கும்போது அது பொருந்தவில்லை. அவர் நகர்ந்தார்.

யாருக்காக நகர்ந்தார்? முதல் வயலினுக்காகவா? செல்லோக்காரர் முறைத்தார் என்பதற்காகவா? இல்லை. அந்தக் காந்தாரம் ஏற்கெனவே ஸட்ஜத்துக்குள் இருக்கிறது. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவை மீட்டிப் பாருங்கள், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் தானாகக் கேட்கும். ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். அந்த வயலின்காரர் இறங்கிப் போய்ச் சேர்ந்தது அதனிடம்தான். நாளைக்குச் செல்லோவிடம் காந்தாரம் வந்தால் செல்லோவும் அதே போல இறங்க வேண்டும்.

ஆக, வித்தியாசம் நகர்வதிலோ எவ்வளவு நகர்கிறோம் என்பதிலோ இல்லை. ஆளுக்கு நகர்வது அனுசரிப்பு. சுருதிக்கு நகர்வது இசைவு. முதலாவதில் ஒருவர் நகர்வதால் இன்னொருவருக்கு நகரும் வேலை மிச்சமாகிறது. இரண்டாவதில் எல்லோருமே நகரக் கடமைப்பட்டவர்கள். யாருக்கும் சொந்தமில்லாத ஒன்று நடுவில் இருக்கிறது.

இதை ஒரு கெட்டிக்கார வாசகர் உடனே மடக்கலாம்: “சுருதியை யார் தீர்மானிக்கறது?” நியாயமான கேள்வி. நம் மேடையில் பாடுகிறவர்தான் தீர்மானிக்கிறார். பெண் பாடினால் ஐந்து கட்டை பக்கம், ஆண் பாடினால் ஒரு கட்டை பக்கம். வயலின்காரர் தன் தந்திகளை அதற்கேற்ப முறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். அப்படியென்றால் சுருதி என்று நான் புனிதமாகச் சொல்வதும் கடைசியில் பெரிய ஆளின் விருப்பம்தானே?

பாதி உண்மை. சுருதியைத் தேர்ந்தெடுப்பதில் அதிகாரம் இருக்கிறது. வீட்டிலும் ஊரிலும் நாட்டிலும் அப்படித்தான். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, அது கச்சேரிக்கு முன்னால், எல்லோர் காதிலும் விழும்படி வைக்கப்படுகிறது. நடுப்பாட்டில் மாற்ற முடியாது. இரண்டு, வைத்த பிறகு அது வைத்தவரையும் கட்டும். பாடுகிறவர் சுருதி விலகினால் வயலினின் வெறும் தந்தியே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அதிகாரமுள்ளவர் தானே வைத்த அளவுகோலுக்குத் தானும் உட்பட்டவர் என்று ஆகும் இடத்திலிருந்துதான் நியாயம் என்ற பேச்சைத் தொடங்கவே முடியும். “அனுசரிச்சுப் போ” என்று சொல்கிற வீடுகளில் இல்லாதது இதுதான். அங்கே சுருதி ஒருநாள் ஒரு கட்டை, மறுநாள் ஒன்றரை. எது என்று முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார்கள். தப்பு மட்டும் நம் பேரில் இருக்கும்.

*

இன்னொரு விஷயம், மௌனம்.

ஹைடன் 1772ல் எழுதிய ஆறு குவார்ட்டெட்டுகளில் இரண்டாவதைக் கேட்டுப்பாருங்கள். அதுவரை செல்லோவுக்கு அடித்தளம் போடுகிற வேலை, முதல் வயலினுக்குப் பாடுகிற வேலை. இந்தக் குவார்ட்டெட் தொடங்கும்போது செல்லோ பாடுகிறது. முதல் வயலின் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதன் தாளில் அந்த இடத்தில் ஓய்வுக் குறிகள் இருக்கின்றன. அதாவது ‘இங்கே நீ வாசிக்காதே’ என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் முதல் வயலின்காரரின் முகத்தைக் காணொளியில் பாருங்கள். அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார், கேட்டுக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு இடம் வரும். அது அவருக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும்.

அடுத்து வாசிக்கப்போகிறவரின் மௌனம் வேறு. வாசிக்க ஒன்றுமே தரப்படாதவரின் மௌனம் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இதை நான் யோசிப்பது பெரும்பாலும் உக்கடத்தில், காதில் இந்த இசையை மாட்டிக்கொண்டு பொள்ளாச்சி வண்டிக்கு நிற்கும்போது. ஒரு பக்கம் பெரியகுளம், இன்னொரு பக்கம் மீன் மார்க்கெட், கொஞ்சம் தள்ளினால் கோட்டைமேடு, கோட்டை ஈஸ்வரன் கோயில், பள்ளிவாசல்கள். பாங்கு, கோயில் மணி, “பொள்ளாச்சி பொள்ளாச்சி” எல்லாம் சேர்ந்து கேட்கும். இதை ‘நல்லிணக்கத்தின் சங்கீதம்’ என்று எழுத யாருக்கும் ஆசை வரும். நான் எழுத மாட்டேன். பக்கத்துப் பக்கத்தில் ஒலிப்பது சேர்ந்து வாசிப்பது ஆகாது.

1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று நகரத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வளர்ந்த தலைமுறை என்னுடையது. எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது ஒன்றே ஒன்று: “அதப் பத்தியெல்லாம் பேசாத.” எங்கள் வீட்டிலும் சொன்னார்கள், கோட்டைமேட்டு நண்பன் வீட்டிலும் அதையேதான் சொன்னார்களாம். இரண்டு பக்கமும் அனுசரித்தோம். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், ரம்ஜான் பிரியாணியும் தீபாவளி முறுக்கும் கைமாறின, அந்த இரண்டு தேதிகளையும் மட்டும் தொடவில்லை. ஊர் அமைதியாகத்தான் இருந்தது. அந்த அமைதியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பேசாமல் இருந்ததால் பல உயிர்கள் தப்பியிருக்கலாம், ஓய்வு எல்லா இசைக்கும் தேவை. ஆனால் ஓய்வுக்கு அளவு உண்டு. இத்தனை அட்சரம் என்று எழுதியிருக்கும், அதற்குப் பிறகு குரல் வரும். எங்கள் மௌனத்துக்கு அப்படி எந்தக் குறியும் இல்லை. 2024 ஆகஸ்டில் மேம்பாலம் திறந்த பிறகு உக்கடத்தைக் கால் வைக்காமலேயே கடந்துவிடலாம் என்றாகிவிட்டது.

இங்கே சுருதி எதுவாக இருக்க முடியும்? பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்தக் காவலரையும் அந்தப் பதினெட்டுப் பேரையும் அந்த ஐம்பத்தெட்டுப் பேரையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொல்ல முடிவதுதான் ஸட்ஜம். அதை வைத்துக்கொண்டு பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் வேறுபடலாம். யார் காரணம், யார் முதலில், யாருக்கு நியாயம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று நாலு குரலும் நாலு வழியில் போகட்டும். ஸட்ஜம் வைக்காமல் ‘எல்லாரும் ஒண்ணா இருப்போம்’ என்பது தம்புரா இல்லாமல் கோரஸ் பாடுவது.

*

கடைசியாக, சேர்க்கை மாறுவதைப் பற்றி.

ஐரோப்பியத் தந்தி இசைக் கச்சேரிகளில் ஒரு வகை உண்டு. மாலை முழுக்க ஒரே நால்வர் உட்கார மாட்டார்கள். முதலில் இருவர், பிறகு மூவர், இடைவேளைக்குப் பின் ஐவர் என்று ஆட்கள் வருவார்கள், போவார்கள். மொசார்ட் 1783ல் வயலினுக்கும் வயோலாவுக்குமாக எழுதிய இருவர் இசையில் அடித்தளம் போடச் செல்லோ இல்லை. வயோலாவே பூமியாகவும் இருக்க வேண்டும், தோழியாகவும் இருக்க வேண்டும். 1788ல் அவர் எழுதிய மூவர் இசையில் இரண்டாம் வயலின் இல்லை, ஒளிந்துகொள்ள யாருக்கும் இடமில்லை. ஷூபர்ட் இறந்த ஆண்டான 1828ல் எழுதிய ஐவர் இசையில் இரண்டு செல்லோ. கீழே ஒரு செல்லோ காவலுக்கு நிற்பதால் இன்னொரு செல்லோ மேலே ஏறிப் பாடுகிறது. தாங்குவதற்கு வேறு ஒருத்தர் வந்தவுடன், இத்தனை நாள் தாங்கிக்கொண்டிருந்தவருக்குள் எப்படிப்பட்ட குரல் இருந்தது என்று அப்போதுதான் தெரிகிறது. எத்தனை அம்மாக்களைப் பற்றி நாம் இதை யோசித்திருக்கிறோம்?

இதே மொசார்ட், 1784 வாக்கில் வியன்னாவில் நண்பர்களோடு குவார்ட்டெட் வாசித்தபோது உட்கார்ந்தது வயோலாவில். முதல் வயலின் ஹைடன். அந்த அறையிலேயே அவருக்கு எந்த இடம் கேட்டாலும் கிடைத்திருக்கும். அவர் நடுக்குரலைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்து நடுவில் உட்காருவதற்கும், வேறு நாற்காலியே தராததால் நடுவில் உட்காருவதற்கும் இடையில் ஒரு வாழ்க்கை அளவு தூரம் இருக்கிறது.

பேரூர் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “சரிதானுங்க, ஆனா நாலு பேரும் சமம்னா முதல்ல யாரு வில்லைத் தூக்கறது?” என்றார். இன்னிக்கு ஒருத்தர், நாளைக்கு இன்னொருத்தர் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அதுக்கு முதல்ல நாலு பேரும் உக்காந்து சுருதி சேர்க்கோணும். அதுக்கே ஒரு மணி நேரம் ஆயிப்போகும்” என்றார்.

ஆகட்டும். கச்சேரி கொஞ்சம் தாமதமாகவே தொடங்கட்டும்.